செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடம்: முதல் வாரம் முதல் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போன பிள்ளைகள் செமஸ்டர் விடுமுறைக்கு வீடு வரும்போது, பொது மண்டபத்தில் உட்கார வைத்து இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். கம்பார், ஸ்ரீ இஸ்கண்டார், பினாங்கு, சிந்தோக் என்று படிக்கும் இடம் எதுவானாலும் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்: தேடல், கட்டுப்பாட்டுச் சிக்கல்கள், விளையாட்டு, தர்க்கம், நிகழ்தகவு, இயந்திரக் கற்றல். இடறும் இடங்களும் ஒன்றேதான். "அக்கா, கோட் ஓடுது, ஆனா விடை தப்பா வருது" என்று வருகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, தாளில் போட்டுப் பார்த்தாயா என்றுதான். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். லிஸ்ட், டியூபிள், டிக்‌ஷனரி, செட், ஃபங்ஷன், ரிகர்ஷன் ஆகிய ஆறும் போதும். இவற்றில் ரிகர்ஷன் தடுமாறினால் விளையாட்டு வாரத்தில் வரும் மினிமேக்ஸ் என்ற அல்காரிதம் புரியாது. அதனால் செமஸ்டருக்கு முந்தைய விடுமுறையிலேயே அதை நேராக்கிவிடுங்கள்.

கணிதத்தில் மூன்று வேண்டும்: நிகழ்தகவு, வகையிடல், மேட்ரிக்ஸ் பெருக்கல். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) அளவில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு இது போதும். எடுக்காதவர்கள் பயப்பட வேண்டாம். வகையிடலில் வர்க்கச் சார்பு வரைக்கும், நிகழ்தகவில் நிபந்தனை நிகழ்தகவு வரைக்கும் படித்தால் இந்தப் பாடத்தைத் தாண்டலாம்.

விலை கூடிய லேப்டாப் தேவையில்லை. அறிமுகப் பாடத்தில் வரும் எல்லாப் பயிற்சிகளும் சாதாரணக் கணினியில் ஓடும். கூகுள் கோலாப்பில் இலவசமாகவே செய்யலாம். ஆனால் கோலாப்புக்கு இணையம் வேண்டும். தோட்டத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்காருபவர்கள் பைத்தானையும் நம்பை, சைக்கிட்-லேர்ன் நூலகங்களையும் வளாகத்தில் இருக்கும்போதே லேப்டாப்பில் இறக்கிக்கொள்ள வேண்டும். எம்ஐடியின் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் 2010-இல் பதிவான செயற்கை நுண்ணறிவு விரிவுரைகள் இருக்கின்றன. அவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். இந்த மூன்றும் இல்லாமல் மண்டபத்துக்கு வர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் மூன்றாம் படியில் தெரியும்.

2. சிக்கலை எழுதுங்கள், அல்காரிதம் அப்புறம்

பாடத்தின் முதல் இரண்டு வாரத்தில் இதைச் சொல்லித் தருவார்கள். சுலபமாகத் தெரிவதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில், மொத்தப் பாடத்திலும் இதைவிட முக்கியமான படி இல்லை. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

எந்தச் சிக்கலைக் கொடுத்தாலும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும். ஒரு நிலை என்பதில் என்னென்ன தகவல் அடங்கும்? தொடக்க நிலை எது? ஒவ்வொரு நிலையிலும் என்ன செய்யலாம், செய்தால் எந்த நிலைக்குப் போவோம்? எப்போது முடிந்தது என்று சொல்வோம்? ஒவ்வொரு செயலுக்கும் செலவு எவ்வளவு?

நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லாரி செம்பனைத் தோட்டத்தின் 10 பிளாக்குகளுக்குப் போய்க் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். நிலை என்ன? புதியவர்கள் உடனே எழுதுவது, "லாரி இருக்கும் இடம்." அது போதாது. லாரி 4-ஆம் பிளாக்கில் நிற்கிறது என்று மட்டும் தெரிந்தால், எந்தெந்த பிளாக்கில் ஏற்றியாகிவிட்டது என்று தெரியாது. வேலை முடிந்ததா என்று சோதிக்கவும் முடியாது. ஆகவே நிலையில் இரண்டு விவரம் வேண்டும்: லாரி இருக்கும் இடம், ஏற்றி முடித்த பிளாக்குகளின் பட்டியல். இடங்கள் ஆலையோடு சேர்த்து 11. ஒவ்வொரு பிளாக்கும் ஏற்றியாயிற்று அல்லது இல்லை என்று 2 வகை, ஆக 1,024. மொத்தம் 11,264 நிலைகள். கணினிக்கு இது ஒன்றுமே இல்லை.

எதிர்ப்பக்கம் இடறுபவர்களும் உண்டு. ஓட்டுநர் பெயர், வானிலை, கிளம்பிய நேரம் என்று எல்லாவற்றையும் நிலைக்குள் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தகவலும் மொத்தத்தைப் பல மடங்கு பெருக்கும். சோதனை இதுதான்: இந்தத் தகவல் மாறினால் அடுத்துச் செய்யக்கூடியதோ செலவோ முடிவோ மாறுமா? மாறாது என்றால் வெளியே எடுத்துவிடுங்கள்.

செலவையும் யோசித்து எழுத வேண்டும். கிலோமீட்டரா, நேரமா? அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கும். எனவே இங்கே நேரத்தைச் செலவாக எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அசைன்மென்ட்டில் மதிப்பெண் அந்த வரிக்கும் உண்டு.

எழுதும் விதம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு எட்டு ராணிகள் சிக்கல் நல்ல சாட்சி. சதுரங்கப் பலகையில் 8 ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்க வேண்டும். 64 கட்டத்தில் ஏதாவது 8 என்று எழுதினால் 4,426,165,368 வழிகள். ஒரு நெடுவரிசைக்கு ஒரு ராணி என்று எழுதினால் 16,777,216. கிடைவரிசையும் திரும்ப வரக்கூடாது என்று சேர்த்தால் 40,320. சரியான விடைகள் எப்படி எழுதினாலும் 92-தான். அல்காரிதத்தைத் தொடாமலேயே நானூறு கோடி நாற்பதாயிரமாகிவிட்டது.

3. தேடல்: அட்டவணையைக் கையால் நிரப்புங்கள்

அகலத் தேடல், ஆழத் தேடல், சீர்செலவுத் தேடல் மூன்றும் ஒரே எலும்புக்கூடுதான். பார்க்க வேண்டியவற்றின் வரிசையிலிருந்து ஒன்றை எடு, அதுதான் இலக்கா என்று கேள், இல்லையென்றால் விரித்து அதன் பிள்ளைகளை வரிசையில் போடு. வரிசையிலிருந்து எதை முதலில் எடுக்கிறோம் என்பதில்தான் மூன்றும் வேறுபடும். அகலத் தேடல் முதலில் வந்ததை எடுக்கும். ஆழத் தேடல் கடைசியில் வந்ததை எடுக்கும். சீர்செலவுத் தேடல் இதுவரை செலவு குறைந்ததை எடுக்கும். இது பிடிபட்டால் மூன்று அல்காரிதத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எடுத்தது, வரிசையில் இருப்பது, விரித்து முடித்தவை. இந்தச் சாலையைப் போட்டுப் பாருங்கள். லயத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். லயம்–கோயில் 2, லயம்–பாலம் 3, கோயில்–நிறுத்தம் 7, பாலம்–ஆலை 2, ஆலை–நிறுத்தம் 2.

சீர்செலவுத் தேடல் இப்படி நடக்கும். லயத்தை எடுக்கிறோம், வரிசையில் கோயில் 2, பாலம் 3. கோயிலை எடுக்கிறோம்; நிறுத்தம் 9 வரிசைக்குள் வருகிறது. பாலத்தை எடுக்கிறோம்; ஆலை 5 வருகிறது. ஆலையை எடுக்கிறோம், நிறுத்தத்துக்கு 7-இல் வழி கிடைக்கிறது, எனவே 9-ஐ அடித்து 7 என்று மாற்றுகிறோம். நிறுத்தத்தை எடுக்கிறோம். முடிந்தது, விடை 7.

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். கோயிலை விரித்தவுடன் நிறுத்தம் கண்ணில் பட்டுவிடுகிறது. "வந்தாச்சு" என்று நிறுத்தி விடை 9 என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கு வரிசைக்குள் வருவது வேறு, வரிசையிலிருந்து எடுக்கப்படுவது வேறு. எடுக்கும்போது சோதித்தால்தான் அதைவிடக் குறைந்த வழி மீதம் இல்லை என்று உறுதி. அகலத் தேடலில் ஒவ்வொரு அடிக்கும் ஒரே செலவு என்றால் வரிசைக்குள் வரும்போதே சோதிக்கலாம், அதில் பிழை இல்லை. இந்த விதிவிலக்கை முதலில் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் போடுவதால்தான் குழப்பம்.

இரண்டாவது தவறு, விரித்து முடித்தவை என்ற பத்தியை விட்டுவிடுவது. லயத்திலிருந்து பாலம், பாலத்திலிருந்து மறுபடி லயம் என்று ஆழத் தேடல் சுற்றிக்கொண்டே இருக்கும். கோட் நிற்காமல் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

நினைவகத்தையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் 10 பிள்ளைகள், விடை 6-ஆம் ஆழத்தில் என்றால் அகலத் தேடல் 1,111,111 நிலைகள் வரை உருவாக்கலாம். ஆழம் 12 ஆனால் லட்சம் கோடியைத் தாண்டும். "ஏன் எப்போதும் அகலத் தேடலே போதாது?" என்ற தேர்வுக் கேள்விக்கு இந்தக் கணக்கே விடை.

4. ஹியூரிஸ்டிக்கும் ஏ ஸ்டாரும்

இப்போது அதே சாலை. இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பீடு சேர்க்கிறோம், அதுதான் ஹியூரிஸ்டிக்: லயம் 6, கோயில் 6, பாலம் 4, ஆலை 2, நிறுத்தம் 0. ஏ ஸ்டார், இதுவரை ஆன செலவையும் இந்த மதிப்பீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்ததை எடுக்கும்.

லயத்தை விரித்தால் கோயில் 2+6=8, பாலம் 3+4=7. பாலத்தை எடுக்கிறோம். ஆலை 5+2=7, அதை எடுக்கிறோம். நிறுத்தம் 7+0=7, அதை எடுத்து முடிக்கிறோம். கோயிலை விரிக்கவே இல்லை. சீர்செலவுத் தேடலோடு ஒப்பிட்டால் மிச்சமான வேலை அதுதான்.

சரி, இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பாலத்தின் மதிப்பீட்டை 4-லிருந்து 7 ஆக்குங்கள். பாலம் 3+7=10 ஆகிவிடும். கோயில் 8 முதலில் வரும், அதிலிருந்து நிறுத்தம் 9. பாலத்தைத் தொடும் முன்பே நிறுத்தத்தை எடுத்து 9 என்று முடித்துவிடும். பாலத்திலிருந்து உண்மையான தூரம் 4-தான். மதிப்பீடு உண்மையைத் தாண்டியதால் நல்ல வழி மறைந்துவிட்டது. "மதிப்பீடு ஒருபோதும் உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது" என்ற விதியை இப்படி ஒருமுறை கெடுத்துப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஒப்பிக்கிறவர்களுக்கு மறந்துவிடும்.

அப்படியென்றால் நல்ல மதிப்பீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சிக்கலின் விதி ஒன்றைத் தளர்த்துங்கள். எட்டுக் கட்டைப் புதிரில் (3×3 பலகையில் எட்டுக் கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்துவது) ஒரு கட்டை அடுத்த கட்டத்துக்கு, அதுவும் காலியாக இருந்தால்தான் நகரும். காலியாக இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் எடுத்துவிட்டால், ஒவ்வொரு கட்டையும் தன் இடத்துக்குப் போக எத்தனை அடி என்று எண்ணிக் கூட்டலாம். அதுதான் மன்ஹாட்டன் தூரம். இரண்டு விதியையும் எடுத்துவிட்டால், இடம் மாறி இருக்கும் கட்டைகளின் எண்ணிக்கை. இரண்டுமே உண்மையைத் தாண்டாது. ஆனால் மன்ஹாட்டன் தூரம் உண்மைக்கு அருகில் நிற்பதால் குறைவான நிலைகளை விரிக்கும். எண்ணும்போது காலிக் கட்டத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மதிப்பீடு உண்மையைத் தாண்டிவிடக்கூடும்.

5. தேடலைக் கோடாக்கும்போது

கையால் போட்டது சரியாக வந்தபின்தான் இந்தப் படி. பைத்தானில் நான்கு இடத்தில் கால் இடறும்.

லிஸ்ட்டை செட்டுக்குள் போட முடியாது, பைத்தான் மறுத்துவிடும். நிலையை டியூபிளாக வைத்துக்கொள்ளுங்கள். நிலையை நகலெடுக்காமல் மாற்றினால் பெற்றோர் நிலையும் சேர்ந்து மாறிவிடும். இது பிழைச் செய்தி தராது, விடை மட்டும் தவறாக வரும். சிறியதை முதலில் எடுத்துத் தரும் ஹீப்கியூவில் இரண்டு நிலைகளின் செலவு சமமாக வந்தால் பைத்தான் நிலைகளையே ஒப்பிடப் பார்த்து நின்றுவிடக்கூடும். நடுவில் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்தால் தீரும். கடைசியாக, விடையின் செலவு மட்டும் கிடைத்து வழி கிடைக்காமல் போவது. ஒவ்வொரு நிலைக்கும் அதன் பெற்றோர் யார் என்று டிக்‌ஷனரியில் குறித்து வைத்தால் முடிவிலிருந்து பின்னால் நடந்து வழியைத் திரும்ப எடுக்கலாம்.

சோதனைக்கு மேலே உள்ள ஐந்து இடச் சாலையையே கொடுங்கள். நோட்டில் இருக்கும் வரிசையும் கோட் எடுக்கும் வரிசையும் ஒன்றாக வர வேண்டும். விடை மட்டும் ஒத்துப்போவது போதாது.

மேலும் பயிற்சி வேண்டுமென்றால், பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிஎஸ் 188 பாடத்தில் பேக்மேன் விளையாட்டை வைத்துச் செய்த திட்டங்கள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. விடைகளைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதை மதியுங்கள்.

6. கட்டுப்பாட்டுச் சிக்கல்கள்: தீபகற்ப வரைபடம்

பாடநூல்களில் ஆஸ்திரேலிய வரைபடத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வார்கள். நீங்கள் நம் தீபகற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லைகள் மனதில் இருக்கும். கூட்டரசுப் பிரதேசங்களை விட்டுவிட்டால் 11 மாநிலங்கள். மூன்று வண்ணம். ஒட்டியிருக்கும் மாநிலங்களுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சேர்க்கையையும் பார்த்தால் 177,147.

பெர்லிஸில் தொடங்கி மேலிருந்து கீழே போவதுதான் பிள்ளைகளின் வழக்கம். அப்படிப் போகாதீர்கள். எல்லை அதிகமுள்ள மாநிலத்தில் தொடங்குங்கள். பகாங்கிற்கு ஆறு அண்டை மாநிலங்கள்: பேராக், கிளந்தான், திரெங்கானு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர். பகாங்கிற்குச் சிவப்பு, பேராக்கிற்குப் பச்சை என்று வைத்தவுடன், இரண்டையும் ஒட்டிய கிளந்தானுக்கும் சிலாங்கூருக்கும் நீலம் மட்டுமே மீதம். அதிலிருந்து திரெங்கானு பச்சை, நெகிரி செம்பிலான் பச்சை, ஜொகூர் நீலம், மலாக்கா சிவப்பு என்று ஒவ்வொன்றாகத் தானே விழும். கெடா, பினாங்கு, பெர்லிஸில் மட்டும்தான் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது.

மூன்று வண்ணங்களில் மொத்தம் 24 சரியான விடைகள். ஏன் 24 என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்: பகாங்கிற்கு 3 வழி, பேராக்கிற்கு 2, கெடாவுக்கு 2, பெர்லிஸுக்கு 2. மற்றவை எல்லாம் கட்டாயம்.

அதிகம் கட்டுப்பட்டதை முதலில் தீர்ப்பது, ஒன்றை முடிவு செய்தவுடன் அண்டையிடம் மீதமுள்ள வாய்ப்புகளை அடிப்பது. இந்த இரண்டு உத்தியும் இந்த ஒரு வரைபடத்தில் தெரிந்துவிடும். அடிக்கும் வேலையைத் தனி நிறத்தில் நோட்டில் காட்டுங்கள். பின்வாங்க வேண்டி வந்தால் அடித்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கோடில் அதை மறப்பவர்கள் மிக அதிகம்.

7. விளையாட்டு: மினிமேக்ஸும் ஆல்ஃபா-பீட்டாவும்

மினிமேக்ஸ் ரிகர்ஷன்தான். இலையிலிருந்து மேலே வாருங்கள், எதிராளி முறையில் சிறியதையும் உங்கள் முறையில் பெரியதையும் எடுங்கள்.

பார்க்கத் தேவையில்லாத கிளைகளை வெட்டுவதுதான் ஆல்ஃபா-பீட்டா. அதற்குச் சின்ன மரம் போதும். மேலே நீங்கள், கீழே எதிராளிக்கு இரண்டு கிளைகள். இடது கிளையில் 5, 9. எதிராளி 5 தருவார். வலது கிளையில் முதல் இலை 4. இனி அந்தக் கிளை 4-க்கு மேல் தராது, உங்களிடம் ஏற்கெனவே 5 இருக்கிறது. அடுத்த இலையைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் வலது கிளையில் 11 முதலிலும் 4 இரண்டாவதும் வந்திருந்தால் எதையும் வெட்டியிருக்க முடியாது. நல்ல நகர்வுகளை முதலில் பார்க்கும் வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

வெட்டுவதால் விடை மாறாது, வேலைதான் குறையும். விடை மாறினால் உங்கள் கோடில் பிழை இருக்கிறது. வெட்டாத மினிமேக்ஸையும் பக்கத்தில் வைத்து ஓட்டி ஒப்பிடுங்கள்.

8. தர்க்கம்

இந்தப் பகுதியில் ஒரே ஒரு இடம்தான் ஆளைக் கவிழ்க்கும்: "இது நடந்தால் அது நடக்கும்" என்ற வகை வாக்கியம். "மழை பெய்தால் பால்மரம் வெட்ட மாட்டார்கள்" என்பது உண்மை என்று வைத்துக்கொள்வோம். மழை இல்லை. வெட்டுவார்களா? வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. தீபாவளியாக இருக்கலாம். வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால், மழை இல்லை என்று முடிவு செய்யலாம். அது செல்லும். மெய்யட்டவணையை நான்கு வரியும் எழுதிப் பாருங்கள். மழை இல்லாத இரண்டு வரியிலும் வாக்கியம் மெய்யாகவே இருக்கும். மற்றதைப் பாடநூலில் வரிசையாகப் படித்துப் போகலாம்.

9. நிகழ்தகவு: சதவீதத்தை எண்ணிக்கையாக்குங்கள்

பேய்ஸ் சூத்திரத்தை ஒப்பித்து எண்களைப் போடுபவர்கள் எதை எங்கே போடுவது என்று தடுமாறுகிறார்கள். 1,000 என்று ஒரு எண்ணிக்கையில் தொடங்கினால் தடுமாற்றம் போய்விடும்.

பயிற்சிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஆலைக்கு வந்த 1,000 குலைகளில் 5 சதவீதம் காய்க்குலை, அதாவது 50. ஒரு கேமரா காய்க்குலையில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும். பழுத்த குலையில் 10 சதவீதத்தைத் தவறாகக் காய் என்று சொல்லும். கேமரா காய் என்கிறது. உண்மையிலேயே காயாக இருக்க நிகழ்தகவு என்ன?

50-இல் 45 சரியாக மாட்டும். பழுத்த 950-இல் 95 தவறாக மாட்டும். மாட்டியவை 140. அதில் காய் 45. விடை சுமார் 32 சதவீதம். கேட்டவுடன் 90 என்று சொல்கிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கலக்கிறார்கள்: காய் என்றால் கேமரா பிடிக்குமா என்பது ஒன்று, கேமரா பிடித்தால் காயா என்பது இன்னொன்று. பழுத்தவை எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் அவற்றின் சிறு பிழையும் மொத்தத்தை இழுத்துவிடுகிறது. எண்ணிக்கையில் விடை வந்தபின் சூத்திரத்தில் ஒவ்வொரு எண்ணும் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்.

10. இயந்திரக் கற்றல்: முதலில் ஒரே ஒரு எடை

எல்லோரும் ஆசையோடு காத்திருக்கும் பகுதி. நியூரல் நெட்வொர்க் கோடை இணையத்திலிருந்து எடுத்து ஓட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் இங்கேதான். அதற்கு முன் ஒரே எடையோடு கையால் போடுங்கள்.

உள்ளீடு 2, வர வேண்டியது 6, எடை (உள்ளீட்டைப் பெருக்கும் எண்) 1 என்று தொடங்குவோம். கணிப்பு 1 × 2 = 2. வித்தியாசம் −4, அதன் வர்க்கம் 16, அதுதான் இழப்பு. எடையைப் பொறுத்து வகையிட்டால் 2 × (−4) × 2 = −16. கற்றல் வேகம் 0.1 என்றால் புதிய எடை 1 + 1.6 = 2.6. கணிப்பு 5.2, இழப்பு 0.64. இன்னொரு சுற்று போட்டால் எடை 2.92, கணிப்பு 5.84. எடை 3-ஐ நோக்கி நெருங்குகிறது.

இப்போது கற்றல் வேகத்தை 0.3 ஆக்குங்கள். எடை 5.8, கணிப்பு 11.6, இழப்பு 31.36. குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. கோலாப்பில் இழப்பு ஏறிக்கொண்டே போகும்போது முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்று இனி தெரியும். குறிகளைக் கவனியுங்கள்: சாய்வு, அதாவது வகையிட்டு வந்த எண், கழித்தல் என்றால் எடை கூட வேண்டும். குறியை மாற்றிப் போட்டுப் பாதித் தாளை வீணாக்குபவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் உண்டு.

11. மாதிரியைச் சோதிக்கும் ஒழுங்கு

அசைன்மென்ட்டில் மதிப்பெண் போகும் இடம் இது. வரிசை இப்படி இருக்க வேண்டும்: தரவைப் பிரி, பயிற்சித் தரவில் மட்டும் அளவுகளைச் சீராக்கக் கற்றுக்கொள், மாதிரியை (மாடல்) பயிற்று, சரிபார்ப்புத் தரவில் அமைப்புகளைத் தேர்ந்தெடு, சோதனைத் தரவை ஒரே ஒருமுறை தொடு.

பிரிக்கும் முன் முழுத் தரவுக்கும் சராசரி எடுத்துச் சீராக்கினால், சோதனைத் தரவின் செய்தி பயிற்சிக்குள் கசிந்துவிடும். இதைவிடப் பெரிய கசிவு படங்களில் நடக்கும். ஒரே குலையை நான்கு பக்கத்திலிருந்து எடுத்த படங்களை எல்லாவற்றோடும் கலக்கிப் பிரித்தால், இரண்டு பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போகும். மாதிரி அந்தக் குலையையே அடையாளம் கண்டுகொள்ளும், பழுத்ததா என்று கற்காது. மதிப்பெண் 98 வரும், அடுத்த நாள் புதுப் படத்தில் தடுமாறும். படத்தைப் பிரிக்காதீர்கள், குலையைப் பிரியுங்கள். அதன் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் போகட்டும்.

சீராக்குவது எதற்கு? அருகிலுள்ள அண்டைகளை வைத்து வகைப்படுத்தும் முறையில், குலையின் எடை 5 முதல் 25 கிலோ வரை, நிறம் 0 முதல் 1 வரை என்றால், தூரக் கணக்கில் எடை மட்டுமே பேசும். நிறம் இருப்பதே தெரியாது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின்தான் நிறத்துக்கும் பங்கு கிடைக்கும்.

துல்லியம் என்ற ஒரே எண்ணை மட்டும் அறிக்கையில் போடாதீர்கள். மேலே சொன்ன 1,000 குலைகளில் எல்லாமே பழுத்தது என்று கண்ணை மூடிச் சொல்லும் மாதிரிக்கும் 95 சதவீதம் துல்லியம் கிடைக்கும். ஒரு காய்க்குலையைக்கூட அது பிடித்திருக்காது. 45, 5, 95, 855 என்ற நான்கு எண்களையும் கட்டமாகப் போட்டு, உங்கள் வேலைக்கு எந்தத் தவறு அதிக நட்டம் என்று எழுதுங்கள். அந்தப் பத்தி இல்லாத அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிதான் முடிந்தது.

12. அசைன்மென்ட், தேர்வு

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா என்பதை விரிவுரையாளர் எழுத்தில் தந்த விதிப்படி மட்டும் முடிவு செய்யுங்கள். அனுமதி உண்டு என்றாலும், புரியாத ஒரு வரியைக்கூடக் கோடில் விட வேண்டாம். நேர்முகக் கேள்வியில் "இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்?" என்றுதான் கேட்பார்கள். குழு வேலையில் மேடையில் பேச மட்டும் ஒருவர், கோட் எழுத மட்டும் ஒருவர் என்று பிரிக்காதீர்கள். எல்லோரும் ஒருமுறையாவது அந்த அட்டவணையை நிரப்பியிருக்க வேண்டும்.

தேர்வுத் தாளில் முதலில் சம நிலையில் எதை எடுப்பது என்ற விதியைத் தேடுங்கள். பெரும்பாலும் அகர வரிசை என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஏ ஸ்டாரை முழுதும் சரியாகப் போட்டும் மதிப்பெண் இழப்பவர்கள் இருக்கிறார்கள். விதி எதுவும் இல்லையென்றால், நீங்கள் எதைப் பின்பற்றினீர்கள் என்று அட்டவணைக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள். வரிசையில் அடித்ததை முழுக்க அழிக்காமல் ஒரு கோடு போட்டு விடுங்கள். 9 அடிக்கப்பட்டு 7 ஆனது திருத்துபவருக்குத் தெரிய வேண்டும். நேரம் போதாமல் பாதியில் நின்றாலும், அதுவரை சரியாக நிரப்பிய வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் விடையை மட்டும் எழுதித் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.